வீட்டில் சோப்பு செய்ய மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: இரண்டு வருடமாக உங்கள் வீட்டுத் தேவைக்கு நீங்களே சோப்பு செய்துவருகிறீர்கள். பார்த்தவர்கள் தங்களுக்கும் சொல்லிக்கொடுக்கச் சொல்கிறார்கள். ஆனால் எண்ணெயைச் சோப்பாக்கச் சேர்க்கும், தோலை எரிக்கும் காரமான காஸ்டிக் சோடாவைப் புதியவர்கள் கையில் கொடுக்க உங்களுக்கு மனம் வரவில்லை. பேசாமல் கடையில் கிடைக்கும் சோப்பு பேஸை உருக்கி ஊற்றச் சொல்லிக்கொடுத்துவிடலாமா, இல்லை எண்ணெயிலிருந்தே தொடங்கலாமா? ஒரே நாளில் முடியுமா? எத்தனை பேரைச் சேர்க்கலாம்?

முதலில் நேரடியான பதில். எண்ணெயிலிருந்தே தொடங்குங்கள். ஒரே நாளில் முடியாது; இரண்டு நாள் வேண்டும், அப்புறம் ஆறு வாரம் கழித்து மறுபடி ஒருநாள் கூட வேண்டும். தனியாக எடுக்கும் வகுப்பில் ஆறு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள், முதல் வகுப்புக்கு நான்கு பேர் போதும். காஸ்டிக் சோடாவை நினைத்து உங்களுக்கு வரும் பயம் நல்ல பயம். அது இல்லாதவர் இதைக் கற்றுக்கொடுக்க வரக்கூடாது என்பது பல வருடம் சொல்லிக்கொடுத்த பிறகும் மாறாத என் எண்ணம்.

சோப்பு பேஸைப் பற்றி ஒரு வார்த்தை. குழந்தைகளுக்கு அதுதான் சரியான வழி. அவர்களைக் காஸ்டிக் சோடா இருக்கும் அறைக்குள்ளேயே விடக்கூடாது. பெரியவர்களுக்கும் ஒரு மாலைப் பொழுதுக்கு அது நன்றாகவே இருக்கும். ஆனால் பேஸை உருக்கி, நிறமும் மணமும் சேர்த்து அச்சில் ஊற்றுவது ஏற்கெனவே யாரோ செய்து முடித்த சோப்புக்கு அலங்காரம் செய்வதுதான். அந்த பேஸும் எங்கோ ஒரு தொழிற்சாலையில் காரத்தை வைத்துத்தான் செய்யப்பட்டது. "காஸ்டிக் சோடா சேர்க்காத சோப்பு" என்று சொல்லி அதைக் கற்றுக்கொடுப்பது உண்மையல்ல. எண்ணெய் சோப்பாக மாற வேண்டுமானால் காரம் வேண்டும், வேறு வழியில்லை. சரியாகக் கணக்குப் போட்டுச் செய்த சோப்பில் காஸ்டிக் சோடா மிஞ்சாது, அது முழுவதும் எண்ணெயோடு சேர்ந்து சோப்பாகவும் கிளிசரினாகவும் மாறிவிடும். இந்த ஒரு விஷயத்தை முதல் பத்து நிமிடத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் மனத்தில் இருப்பது இந்தச் சந்தேகம்தான், கூச்சத்தால் கேட்க மாட்டார்கள்.

இனி, நான் மிக முக்கியமாக நினைப்பது. செய்முறைக் குறிப்பைக் கொடுக்காதீர்கள், கணக்கைக் கொடுங்கள்.

இது எனக்கு ஒரு தவறில் இருந்து தெரிந்தது. ஆரம்பத்தில் நான் ஒரு குறிப்புத்தாளைக் கையில் கொடுத்து, அதன்படி செய்து காட்டி அனுப்பிவிடுவேன். தேங்காய் எண்ணெய் 150 கிராம், ஆலிவ் எண்ணெய் 300 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம், காஸ்டிக் சோடா 70 கிராம், தண்ணீர் 140 கிராம். நல்ல செய்முறை, இன்றைக்கும் முதல் வகுப்புக்கு இதைத்தான் வைத்திருக்கிறேன். வகுப்பில் எல்லோருக்கும் நன்றாக வந்தது. மூன்று வாரம் கழித்து ஒரு பெண் தான் வீட்டில் செய்த கட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். கை கழுவினால் எரிகிறது என்றார். வெட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளைத் துகள்கள். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனதில் விஷயம் வெளியே வந்தது. காஸ்டிக் சோடாவைத் தராசில் நிறுத்திருக்கிறார், எண்ணெயை மட்டும் மில்லிலிட்டர் கோடு போட்ட குவளையில் அளந்திருக்கிறார். 500 கிராம் வேண்டிய இடத்தில் 500 மில்லிலிட்டர்.

எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. 500 மில்லிலிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 460 கிராம்தான் இருக்கும். அந்த அளவுக்கு 68.4 கிராம் சோடாவே முழுசாகப் போதும். அவர் போட்டது 70. மிச்சம் ஒன்றரை கிராம் போல எண்ணெய் கிடைக்காமல் கட்டிக்குள் தங்கிவிட்டது. கேட்க மிகக் குறைவாகத் தெரியும். கையில் பட்டால் தெரியும். தாளில் 'கிராம்' என்றுதான் எழுதியிருந்தேன், ஆனால் ஏன் கிராம் என்று நான் சொல்லித்தரவில்லை. தவறு என்னுடையது.

அன்றிலிருந்து முதல் நாளின் முதல் ஒரு மணி நேரம் எண்ணெயும் இல்லை, அச்சும் இல்லை, நோட்டும் பேனாவும்தான். ஒவ்வொரு எண்ணெய்க்கும், அதில் ஒரு கிராமைச் சோப்பாக மாற்ற எவ்வளவு காஸ்டிக் சோடா வேண்டும் என்ற எண் உண்டு. சாப் வேல்யூ என்பார்கள். தேங்காய் எண்ணெய்க்கு 0.183, ஆலிவ் எண்ணெய்க்கு 0.135, விளக்கெண்ணெய்க்கு 0.128. பலகையில் எழுதிவிட்டு அவர்களையே பெருக்கச் சொல்லுங்கள். 150-ஐ 0.183-ஆல் பெருக்கினால் 27.45. 300-ஐ 0.135-ஆல் பெருக்கினால் 40.5. 50-ஐ 0.128-ஆல் பெருக்கினால் 6.4. கூட்டினால் 74.35 கிராம். இது எண்ணெய் துளிகூட மிஞ்சாமல் சோப்பாக மாறுவதற்கான அளவு. அப்படிச் செய்யக்கூடாது. எண்ணெயின் தரம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், தராசும் கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும். அதற்காக 5 சதவீதம் சோடாவைக் குறைத்துக்கொள்கிறோம். 70.6 வரும், 70 என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குறைவால் சோப்பில் சிறிது எண்ணெய் எண்ணெயாகவே தங்கும், தோலுக்கும் இதம். இதைத்தான் சூப்பர்ஃபேட் என்கிறோம். தண்ணீர், சோடாவைப் போல இரண்டு மடங்கு: 140 கிராம்.

இத்தோடு நிறுத்தாமல் ஒரு கேள்வி கேளுங்கள். "வீட்டில் தேங்காய் எண்ணெய் தீர்ந்துவிட்டது. அதற்குப் பதிலாக அதே 150 கிராமுக்கும் ஆலிவ் எண்ணெயே ஊற்றினால் என்ன ஆகும்?" பெரும்பாலும், "எண்ணெய் எண்ணெய்தானே, ஒன்றும் ஆகாது" என்று பதில் வரும். போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 450 கிராம் ஆலிவ் எண்ணெய்க்கு 60.75, விளக்கெண்ணெய்க்கு 6.4, ஆக 67.15. நம் கையில் இருப்பது 70. கிட்டத்தட்ட 3 கிராம் காரம் மிச்சம், எரிச்சல் தரும் சோப்பு. இதையே திருப்பி, ஆலிவ் இடத்தில் முழுக்கத் தேங்காய் எண்ணெய் போட்டால் 88 கிராமுக்கு மேல் சோடா கேட்கும். 70 போட்டால் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் மாறாமல் கிடக்கும். அதனால் ஆபத்து இல்லை, முன்னதில் உண்டு. இந்த இரண்டு கணக்கையும் தன் கையால் போட்டவர் வீட்டுக்குப் போய் எண்ணெயை மாற்றும்போது சோடாவையும் மாற்றுவார். இணையத்தில் இதைப் போட்டுத்தரும் கால்குலேட்டர்கள் நிறைய இருக்கின்றன, பயன்படுத்தட்டும், நானும் பயன்படுத்துகிறேன். ஒருமுறை கையால் போட்ட பிறகு பயன்படுத்தட்டும்.

வீட்டுச் சோப்பு தோலை எரிக்கும் என்று முந்தைய தலைமுறையினர் சொல்வதும் இதனோடு சேர்ந்ததுதான். மரச்சாம்பலை ஊறவைத்து வடித்த நீரில் காரம் எவ்வளவு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை. ஒருநாள் அதிகம், ஒருநாள் குறைவு. உப்பிலிருந்து சலவை சோடா தயாரிக்கும் முறைக்கு நிக்கோலா லெப்லாங் 1791-இல் காப்புரிமை பெற்றார். கொழுப்பு என்பது என்ன, அது காரத்தோடு சேரும்போது என்ன நடக்கிறது என்பதை மிஷேல் யூஜீன் ஷெவ்ரல் தன் ஆராய்ச்சியில் விளக்கி 1823-இல் நூலாக வெளியிட்டார். அதற்குப் பிறகுதான் நிறுத்துப் போட்டுச் சோப்பு செய்வதற்கு அர்த்தம் வந்தது. வகுப்பில் இதை இரண்டு நிமிடம் சொன்னால் போதும், தராசின் மீது மரியாதை வந்துவிடும்.

அடுத்தது பெயர்க் குழப்பம். இதை வாய்விட்டுச் சொல்லவே வேண்டும். சமையல் சோடா வேறு, சலவை சோடா வேறு, காஸ்டிக் சோடா வேறு. மூன்றும் வெள்ளை, மூன்றிலும் 'சோடா' இருக்கிறது. நமக்கு வேண்டியது சோடியம் ஹைட்ராக்சைடு. பொட்டலத்தில் அந்தப் பெயரும் தூய்மைச் சதவீதமும் இருக்க வேண்டும். கழிவுநீர்க் குழாய் அடைப்பை நீக்க விற்கும் பொடியை வாங்கிவிடக்கூடாது. அவற்றில் சிலவற்றில் அலுமினியத் துண்டுகளும் வேறு பொருள்களும் கலந்திருக்கும். திறந்து வைத்த காஸ்டிக் சோடா காற்றில் உள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்துக்கொண்டு வீரியம் குறையும். கட்டிதட்டிப்போன பழைய பொட்டலத்தை வைத்துக் கணக்குப் போட்டால் கணக்குச் சரியாக இருக்கும், சோப்பு பிசுபிசுக்கும்.

சரி, இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். காஸ்டிக் சோடாவைப் புதியவர்கள் கையில் கொடுப்பது எப்படி?

நான் கண்ட வழி, உப்பை வைத்து ஒத்திகை பார்ப்பது. முதல் நாள் காஸ்டிக் சோடா பொட்டலத்தைத் திறப்பதற்கு முன், சாதாரணக் கல்லுப்பையும் தண்ணீரையும் வைத்து முழு வேலையையும் செய்யச் சொல்வேன். கண்ணை முழுதும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, காலை மூடும் செருப்பு எல்லாம் நிஜமாகவே போட்டுக்கொள்ள வேண்டும். உப்பைச் சிறு குவளையில் 70 கிராம் நிறுக்க வேண்டும். தண்ணீர் இருக்கும் ஜாடியைக் கழுவுதொட்டிக்குள் வைத்து, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் போட்டு, முகத்தை ஜாடிக்கு நேராக நீட்டாமல் கலக்க வேண்டும். கலக்கிய கரண்டியைத் தட்டில் வைக்க வேண்டும், மேஜையில் அல்ல. ஒருவர் செய்ய, எதிரில் நிற்பவர் பார்த்துத் தவறைச் சொல்ல வேண்டும்.

பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் முதல் ஒத்திகையில் அநேகமாக எல்லோருமே கையுறை போட்ட கையால் கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளிவிடுவார்கள். சிலர் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்குவார்கள். ஒருவர் ஈரக் கரண்டியை மேஜையில் வைப்பார், இன்னொருவர் அந்த இடத்தில் வெறுங்கையை ஊன்றுவார். உப்பாக இருக்கும்போதே இதையெல்லாம் சொல்லிவிட்டால் யாருக்கும் காயம் இல்லை. இரண்டாம் ஒத்திகையில் கை தானாகவே முகத்துக்குப் போகாமல் நிற்கும். அதைப் பார்த்த பிறகுதான் பொட்டலத்தை எடுப்பேன். மூன்று முறை செய்தும் கை அடங்காதவர் இருந்தால், அன்றைக்கு அவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். அதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

பொட்டலத்தைத் திறக்கும் முன்பே முதலுதவியையும் சொல்லிவிட வேண்டும். காரம் தோலில் பட்டால் அமிலம் மாதிரி உடனே சுரீர் என்று வலிக்காமல் இருக்கலாம். முதலில் வழுவழுவென்று இருக்கும். தோலில் உள்ள கொழுப்பையே அது சோப்பாக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். "கை வழுக்கினால் உடனே குழாய்" என்று நான் சொல்லிச் சொல்லி, வருகிறவர்களுக்கு அது மனப்பாடம் ஆகிவிடும். மணிமணியாகப் பட்டிருந்தால் முதலில் தட்டிவிட்டு, பிறகு ஓடும் தண்ணீரில் 15, 20 நிமிடம் கழுவ வேண்டும். சட்டையில் சிந்தியிருந்தால் சட்டையைக் கழற்ற வேண்டும். தோலில் வினிகர் ஊற்றக்கூடாது, தண்ணீர்தான் மருந்து. மேஜையைத் துடைத்து முடித்த பிறகு வினிகரால் ஒருமுறை துடைப்பது வேறு விஷயம். கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்து 20 நிமிடமாவது தண்ணீர் விட்டு நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும், சரியாகிவிட்டதுபோல் தோன்றினாலும் போக வேண்டும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக்கூடாது, உடனே மருத்துவமனை.

அப்புறம், தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும். சோடாவில் தண்ணீரை ஊற்றக்கூடாது. மேலே ஊற்றினால் ஒரே இடத்தில் சூடு ஏறித் தெறிக்கும். இதை வாயால் சொல்வதைவிட ஒரு தெர்மாமீட்டர் நன்றாகச் சொல்லும். அறை வெப்பத்தில் இருந்த தண்ணீரில் சோடாவைப் போட்டுக் கலக்கும்போது எண் ஏறுவதை எல்லோரும் பார்க்கட்டும். அடுப்பே இல்லாமல், ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்த அமைதியில் யாரும் பேச மாட்டார்கள். எழும் ஆவியை மூச்சில் இழுக்காதபடி ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஜாடி பாலிப்ரோப்பிலீன் பிளாஸ்டிக்காகவோ எவர்சில்வராகவோ இருக்கட்டும். அலுமினியம் கூடவே கூடாது. காரம் அதை அரித்து, எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளியேறும். கண்ணாடி ஜாடி சில முறை தாங்கும், பிறகு ஒருநாள் சூட்டில் விரிசல் விடும். அச்சுக்கு அட்டைப்பெட்டி எடுத்துவந்தாலும் உள்ளே அலுமினியத் தாள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

நிஜ சோடாவைக் கலக்கும்போது ஒருநேரத்தில் ஒருவர் மட்டும், நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். ஆறு பேருக்கு மேல் வேண்டாம் என்று சொன்னதற்கு இதுதான் காரணம். கலக்கிய ஜாடிக்கு மூடியும் பெயர்ச்சீட்டும் வேண்டும். ஆறவிட்ட கரைசல் தெளிந்து, பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும்.

பயம் கொஞ்சம் கனத்துப்போன இந்த இடத்தில் ஒரு சின்னச் செய்முறை காட்டுவேன். மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் தடவி உலரவைத்திருப்பேன். அதில் காரக் கரைசலில் ஒரு சொட்டு விட்டால் பளிச்சென்று சிவக்கும். வினிகர் ஒரு சொட்டு விட்டால் மறுபடி மஞ்சளாகும். வகுப்பு முடிந்து மேஜையைத் துடைத்த பிறகு, ஈரமாக்கிய மஞ்சள் தாளை ஒற்றிப் பார்த்தால் எங்கே சிந்தியிருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல மறக்காதீர்கள்: ஆறு வாரம் ஆறிய நல்ல சோப்பும் அந்தத் தாளைச் சிவக்கவைக்கும். சோப்பின் பிஹெச் (அமிலமா காரமா என்று காட்டும் எண், 7 என்றால் நடுநிலை) 9 முதல் 10 வரை இருக்கும், அது சோப்பின் இயல்பு. தாள் சிவந்தால் சோப்பு கெட்டது என்று அர்த்தமில்லை. எலுமிச்சைச்சாறு ஊற்றி அதை 7-க்குக் கொண்டுவருகிறேன் என்று யாராவது கிளம்புவார்கள். சாறு சேர்த்தால் அது காரத்தில் ஒரு பங்கைத் தின்றுவிட்டு எண்ணெயைத்தான் மிச்சம் வைக்கும். நடுநிலைக்கு இறங்கும் அளவு அமிலம் ஊற்றினால் சோப்பு உடைந்து கொழுப்பு அமிலமாகத் திரும்பிவிடும்.

இரண்டாம் நாள்தான் சோப்பு. எண்ணெயும் கரைசலும் 40 டிகிரி பக்கம் வந்ததும், கரைசலை எண்ணெயில் மெல்ல ஊற்றி ஹேண்ட் பிளெண்டரால் கலக்க வேண்டும். இங்கே புதியவர்கள் செய்யும் தவறு, பிளெண்டரை விடாமல் ஓட்டுவது. சில நொடி ஓட்டி, நிறுத்தி, அதையே கரண்டியாக வைத்துக் கிளறி, மறுபடி சில நொடி. முதலில் எண்ணெய் கோடு கோடாகப் பிரிந்து தெரியும். பிறகு நிறம் ஒன்றுபோல் ஆகி, பளபளப்புக் குறைந்து, கலவை வெளுக்கும். பிளெண்டரைத் தூக்கினால் வழிவது மேலே ஒரு நொடி கோடாக நின்று அமுங்கும். இதுதான் ட்ரேஸ். இந்த ஒரு நொடிக் கோட்டை ஒவ்வொருவரும் தன் கிண்ணத்தில் பார்க்க வேண்டும். உங்கள் கிண்ணத்தில் காட்டினால் போதாது. இருவருக்கு ஒரு தராசு போதும், கிண்ணம் மட்டும் ஆளுக்கொன்று வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

கெட்டிக் கொழுப்பு நிறையச் சேர்த்த செய்முறையில், அறை குளிர்ந்திருந்தால் கொழுப்பு உறைந்தே கலவை கெட்டியாகி ட்ரேஸ் மாதிரி ஏமாற்றும். அச்சில் ஊற்றிய பிறகு எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும். முதல் வகுப்புக்கு நான் ஷியா பட்டர், கோகோ பட்டர் பக்கம் போகாததன் காரணம் அது. ஆலிவ் எண்ணெய் மெதுவாக இறுகும், பதற்றப்படாமல் பார்க்க நேரம் கொடுக்கும். தேங்காய் எண்ணெய் நுரையும் கடினமும் தரும், மிகுந்தால் தோலை வறட்டும். விளக்கெண்ணெய் நுரையைப் பிடித்து வைக்கும், மிகுந்தால் சோப்பு ஒட்டும். அந்த 150, 300, 50 என்ற பங்கீட்டில் இவ்வளவு யோசனை இருக்கிறது என்பதை எண்ணெய் ஊற்றும்போதே சொல்லிக்கொண்டு போங்கள், கேட்பவர்களுக்குத் தானாகப் பதியும்.

மணமும் நிறமும் முதல் வகுப்பில் வேண்டாம். ஏமாற்றமாக இருக்கும், இருந்தாலும் வேண்டாம். ஒருமுறை ஒருவர் ஆசையாகக் கிராம்பு எண்ணெய் கொண்டுவந்திருந்தார், நானும் மறுக்க மனமில்லாமல் விட்டுவிட்டேன். ஊற்றிக் கிளறினார். அச்சை எடுக்க நான் திரும்பிப் பார்ப்பதற்குள் கலவை கிண்ணத்திலேயே இறுகிவிட்டது, கரண்டி செங்குத்தாக நின்றது. கிராம்பு, இலவங்கப்பட்டை எண்ணெய்கள் ட்ரேஸை அப்படித் துரத்தும், தோலிலும் உறுத்தும். தேனும் பாலும் வேறுவிதம். அவற்றிலுள்ள சர்க்கரை சூட்டைக் கூட்டி, சில சமயம் அச்சிலிருந்து சோப்பு பொங்கி வழியும். நான்கைந்து முறை வெறும் சோப்பு நன்றாக வந்த பிறகு இவற்றைத் தொடட்டும். பூவிதழும் இலையும் பற்றிக் கேட்பார்கள். பெரும்பாலான இதழ்கள் காரத்தில் பழுப்பாகிவிடும், காலெண்டுலா இதழ் மட்டும் மஞ்சள் நிறத்தை ஓரளவு காப்பாற்றும்.

ஊற்றிய அச்சை அன்றைக்கே வீட்டுக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். முதல் ஒன்றிரண்டு நாள் அதில் காரம் உயிரோடு இருக்கிறது. பையில் சாய்ந்து வழிந்தால், அல்லது வீட்டில் குழந்தை விரலை விட்டுப் பார்த்தால் என்ன ஆவது? உங்களிடமே இருக்கட்டும், இரண்டு நாள் கழித்து வந்து கையுறையோடு வெட்டி எடுத்துக்கொள்ளட்டும். கிண்ணங்களையும் அன்றைக்கே தேய்க்க வேண்டாம். காகிதத்தால் வழித்துவிட்டு மறுநாள் வரை விட்டால், ஒட்டியிருப்பது தானே சோப்பாகி, தண்ணீர் பட்டதும் நுரைத்துக்கொண்டு போய்விடும். இதைப் பார்க்கும்போது எல்லோர் முகத்திலும் ஒரு சந்தோஷம் வரும்.

வெட்டிய கட்டிகளை ஆறு வாரம் காற்றோட்டமான இடத்தில் இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். நான்கு வாரம் என்றும் சொல்வார்கள். ஆலிவ் எண்ணெய் மிகுந்த இந்தச் செய்முறைக்கு ஆறுதான் நல்லது. காரம் போவதற்காகத்தான் இந்தக் காத்திருப்பு என்று பலர் நினைக்கிறார்கள். காரம் முதல் இரண்டு நாளிலேயே ஏறக்குறைய முழுதும் வேலையை முடித்துவிடும். வாரக்கணக்கில் நடப்பது வேறு: தண்ணீர் வெளியேறுகிறது, சோப்பின் உள்கட்டமைப்பு இறுகுகிறது, நுரை மேம்படுகிறது, சீக்கிரம் கரைந்துபோகாத கட்டியாகிறது. ஆகவே கணக்குத் தவறி காரம் மிகுந்த சோப்பு, ஆறு வாரம் வைத்தாலும் சரியாகிவிடும் என்று நம்பக்கூடாது. ஒரு கட்டியைத் தனியாக எடுத்து வாரம் ஒருமுறை நிறுத்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். 110 கிராமில் தொடங்கும் கட்டி வாரத்துக்கு வாரம் குறையும். முதலில் வேகமாக, பிறகு மெதுவாக. எடை நிற்கும்போது சோப்பு தயார் என்று அவர்களுக்கே தெரியும், உங்களைக் கேட்கத் தேவையில்லை.

உங்கள் அலமாரியில் கெட்டுப்போன கட்டிகளைச் சேர்த்து வையுங்கள். கற்றுக்கொடுக்க நல்ல சோப்பைவிட அவைதான் உதவும். மேலே சாம்பல் பூத்த கட்டி, காற்றுபட்ட காரத்தால் வந்தது, துடைத்துப் பயன்படுத்தலாம். ஆரஞ்சுப் புள்ளி விழுந்தது, எண்ணெய் காறிப்போனதன் அடையாளம், பழைய எண்ணெயால் வரும். உள்ளே வெள்ளைத் துகளோ திரவப் பையோ இருப்பது காரம் தங்கியது, தோலுக்கு ஆகாது. மூன்றையும் கையில் கொடுத்து எது ஆபத்து, எது அழகுக் குறை மட்டும் என்று பிரிக்கச் சொல்லுங்கள். சந்தேகமான கட்டிக்கு ஒரு பழைய சோதனை உண்டு. ஈர விரலால் சோப்பைத் தேய்த்து நாக்கு நுனியில் லேசாகத் தொட்டால், காரம் மிச்சம் இருந்தால் பேட்டரி முனையைத் தொட்டதுபோல் வெட்டும். இல்லையென்றால் வெறும் சோப்புச் சுவைதான். வெள்ளைத் துகள் கண்ணுக்குத் தெரியும் கட்டியில் இதைச் செய்யவே கூடாது.

கற்றுக்கொண்ட சில வாரத்திலேயே சிலர் விற்க நினைப்பார்கள். ஒவ்வொரு நாட்டிலும் அதற்கு உரிமம், சீட்டு ஒட்டுதல் எல்லாவற்றுக்கும் விதிகள் உண்டு, தங்கள் இடத்து விதியைப் படித்துவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். தோல்நோயைக் குணமாக்கும் என்று மட்டும் எழுத வேண்டாம். சோப்பு அழுக்கை எடுக்கும், அதைச் செய்தால் போதும்.

ஆறு வாரம் கழித்து வரும் அந்த மூன்றாம் நாளை மட்டும் விட்டுவிடாதீர்கள். வகுப்பில் வெட்டிய கட்டியோடு, இடையில் வீட்டில் தனியாகச் செய்த ஒன்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள், கூடவே நோட்டையும். முதலில் நோட்டைத்தான் வாங்கிப் பாருங்கள்: எண்ணெய்களின் எடை, சோடா, தண்ணீர், சூடு, ட்ரேஸ் வர ஆன நேரம், வாராவாரம் எடை. எண்ணெயை மாற்றியவர் சோடாவையும் மாற்றியிருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, குழாயடிக்குப் போய் அவர் சோப்பில் முதலில் உங்கள் கையைக் கழுவுங்கள்.